எழுத்தின் பருமனா, தலைப்பின் மட்டமா: எங்கள் இணையத்தளத்துக்காக ஒப்பிட்டுப் பார்த்த ஐந்து வழிகள்

வெள்ளவத்தையில் இயங்கும் சிறிய கல்வி உதவி அமைப்பு ஒன்றின் இணையத்தளத்தைக் கவனிக்கும் பொறுப்பு ஆறு ஆண்டுகளாக என்னிடம் இருக்கிறது. புலமைப்பரிசில் விவரங்கள், க.பொ.த. உயர்தரக் கடந்தகால வினாத்தாள்கள், இலவச வகுப்புகளின் நேர அட்டவணை என்று ஏறத்தாழ 200 பக்கங்கள் சேர்ந்துவிட்டன. நான்கு தொண்டர்கள் எழுதுகிறார்கள். அவர்களில் எவரும் கணினித் துறையைச் சேர்ந்தவர் அல்லர். சென்ற ஆண்டு தளத்தைப் புதுப்பிக்கலாம் என்று கூடியபோது நிறங்களைப் பற்றியும் முகப்புப் படத்தைப் பற்றியும் இரண்டு மணி நேரம் பேசினோம். தலைப்புகளை எப்படிக் குறிப்பது என்பதைப் பற்றி ஒரு சொல்கூடப் பேசவில்லை.

அதைப் பேச வைத்தவர், இரத்மலானையிலிருந்து பஸ் ஏறி வந்து எங்கள் சனிக்கிழமை வகுப்பில் வரலாறு கற்பிக்கும் ஓர் ஆசிரியர். அவருக்குப் பார்வை இல்லை. ஒருநாள் வகுப்பு முடிந்த பிறகு, தம் மாணவி ஒருத்திக்காகப் புலமைப்பரிசில் ஒன்றின் விண்ணப்ப முடிவுத் திகதியைத் தேடி எங்கள் தளத்தைத் திறந்தார். மடிக்கணினியில், திரையில் இருப்பதை உரக்க வாசித்துச் சொல்லும் என்விடிஏ என்ற திரைவாசிப்பான் ஓடிக்கொண்டிருந்தது. நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தின் மேலே இருந்த அமைப்பின் பெயரைக் கடந்து, அடுத்த தலைப்புக்குத் தாவ அவர் எச் விசையை அழுத்தினார். அடுத்த தலைப்பு இல்லை என்றது குரல். மறுபடி அழுத்தினார், அதே பதில். என் கண்ணுக்கு அந்தப் பக்கத்தில் ஏழு தலைப்புகள் தடித்த எழுத்தில் பளிச்சென்று தெரிந்தன. அவருடைய கணினிக்கு ஒன்றுகூடத் தெரியவில்லை.

“இதில் எங்கே போய் நிற்பது, தம்பி?” என்று கேட்டுவிட்டு, அம்பு விசையால் வரி வரியாக இறங்கத் தொடங்கினார். அமைப்பு தோன்றிய கதை, நன்கொடையாளர்களுக்கு நன்றி, தகைமைகள், இணைக்க வேண்டிய ஆவணங்கள் எல்லாவற்றையும் கேட்டுக் கடந்து, ஐந்தாவது பகுதியில் இருந்த திகதிக்கு வந்து சேர நான்கு நிமிடங்களுக்கு மேல் ஆயிற்று. பார்வையுள்ள ஒருவருக்கு அது ஒரு கண்வீச்சு. அந்தப் பக்கத்தை எழுதியவன் நான். அடுத்த கூட்டத்துக்கு முன் எந்தெந்த வழிகள் இருக்கின்றன, எது எங்களைப் போன்ற சிறு குழுவுக்குச் சரிவரும் என்று உட்கார்ந்து ஒப்பிட்டேன். அந்த ஒப்பீட்டைத்தான் இங்கே எழுதுகிறேன்.

## காதால் ஒரு பக்கத்தைப் புரட்டுவது

இணையப் பக்கங்களை எழுதும் மொழியான எச்டிஎம்எல்லில் தலைப்புக்கென்றே ஆறு குறிச்சொற்கள் உண்டு: எச்1 முதல் எச்6 வரை. 1995இல் வெளிவந்த எச்டிஎம்எல் 2.0 தரநிலையிலேயே ஆறும் இருக்கின்றன, புதுச்சரக்கு அல்ல. எச்1 பக்கத்தின் தலைப்பு. எச்2 அதன் பெரும்பிரிவுகள். எச்3 அந்தப் பிரிவுகளின் உட்பிரிவுகள். பாடநூலில் 3, 3.1, 3.1.2 என்று எண்ணிடுகிறோமே, அதே வேலைதான். அந்த எண்தான் தலைப்பின் மட்டம்; ஒரு பகுதி எதற்குள் அடங்குகிறது என்பதை அது சொல்கிறது. எழுத்து எவ்வளவு பெரியது என்பதற்கும் அதற்கும் தொடர்பில்லை.

என்விடிஏ, ஜாஸ் என்ற இரண்டு திரைவாசிப்பான்களிலும் எச் விசை அடுத்த தலைப்புக்குத் தாவும்; ஷிப்ட் விசையோடு சேர்த்து அழுத்தினால் முந்தைய தலைப்புக்குத் திரும்பும். 1 முதல் 6 வரையான எண் விசைகள் அந்தந்த மட்டத்துத் தலைப்புகளுக்கு மட்டும் தாவும். என்விடிஏயில் இன்சர்ட்டோடு எஃப்7, ஜாஸில் இன்சர்ட்டோடு எஃப்6 அழுத்தினால் பக்கத்தின் தலைப்புகள் எல்லாம் ஒரு பட்டியலாக விரியும். கைப்பேசித் திரைவாசிப்பான்களான ஐபோனின் வொய்ஸ்ஓவரிலும் ஆண்ட்ராய்டின் டோக்பேக்கிலும் விரலைத் தேய்த்துத் தலைப்பிலிருந்து தலைப்புக்குப் போகலாம். திரைவாசிப்பான் பயன்படுத்துவோரிடம் வெப்எய்ம் நிறுவனம் அவ்வப்போது எடுக்கும் கருத்துக்கணிப்பில், நீண்ட பக்கமொன்றில் தகவலைத் தேட முதலில் தலைப்புகளைத்தான் நாடுவதாகப் பத்துப் பேரில் ஏறத்தாழ ஏழு பேர் சொல்கிறார்கள். நாம் பக்கத்தை மேலிருந்து கீழே ஒருமுறை கண்ணோட்டம் விடுவதைப் போன்றது இது. அவர்கள் அதைக் காதால் செய்கிறார்கள். செய்ய முடிவதும் முடியாததும் பக்கத்தை எழுதியவர் கையில் இருக்கிறது.

## முதல் வழி: இருப்பதை அப்படியே விடுவது

தலைப்பு வரியைத் தடித்த எழுத்தாக்கி, அளவைச் சற்றுக் கூட்டிவிடுவது. வேர்ட் கோப்பில் தட்டச்சுச் செய்து பழகியவர்கள் எல்லோரும் இதைத்தான் செய்கிறார்கள். புதிதாக எதையும் கற்க வேண்டாம், பழைய பக்கங்களைத் தொட வேண்டாம் என்பது இதன் ஒரே நன்மை. ஆசிரியருக்கு நேர்ந்ததே இதன் விலை. திரைவாசிப்பானுக்கு அது இன்னொரு பத்தி, அவ்வளவுதான்.

இது விருப்பத்தைப் பொறுத்த விடயமும் அல்ல. இணையத்தள அணுகல்தன்மைக்கான வழிகாட்டியான டபிள்யூசிஏஜியின் 1999ஆம் ஆண்டுப் பதிப்பே ஆவணத்தின் கட்டமைப்பைத் தலைப்புக் குறிச்சொற்களால் காட்டச் சொன்னது. 2008இன் 2.0 பதிப்பிலிருந்து 2023இல் வந்த 2.2 வரை, 1.3.1 என்ற விதி அடிப்படை நிலையான ‘ஏ’யிலேயே இருக்கிறது: கண்ணுக்குத் தோற்றத்தால் உணர்த்தும் கட்டமைப்பை மென்பொருளும் அறியக்கூடியதாக இருக்க வேண்டும். தோற்றத்தை மட்டும் மாற்றித் தலைப்பாகக் காட்டுவது அந்த விதியின் மீறல் என்று வழிகாட்டியின் விளக்கக் குறிப்புகள் தெளிவாகவே சொல்கின்றன. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐ.நா. சாசனத்தை இலங்கை 2016இல் ஏற்று உறுதிசெய்தது. அதன் 9ஆம் உறுப்புரை இணையத்தையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. எங்கள் அமைப்பு சின்னஞ்சிறியதுதான். ஆனால் கல்விக்கு உதவுவதாகச் சொல்லும் இடத்தில் ஒருவருக்கு மட்டும் படி ஏற முடியாதபடி விடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. இந்த வழியை முதலிலேயே கழித்தோம்.

## இரண்டாவது வழி: உண்மையான தலைப்பு, ஆனால் கண்ணுக்குப் பிடித்த மட்டம்

இதைப் பற்றித்தான் அதிகம் பேச வேண்டியிருந்தது. பார்த்தால் சரியாகச் செய்ததுபோலவே இருக்கும். உண்மையான குறிச்சொற்கள் இருக்கின்றன, எச் விசை வேலை செய்கிறது. ஆனால் மட்டத்தைத் தேர்ந்தெடுக்கும்போது எழுதுபவர் பார்ப்பது எழுத்தின் பருமனை.

எங்கள் தொண்டர்களில் ஓர் அக்கா ஒரு கட்டத்தில் இப்படித்தான் எழுதிவந்தார். பிரிவுத் தலைப்புகள் எல்லாவற்றையும் எச்4 ஆக வைத்தார். ஏன் என்று கேட்டேன். “எச்2 போட்டால் கைப்பேசியில் மூன்று வரியாக உடைகிறது, தம்பி. பாதித் திரையைத் தலைப்பே பிடித்துக்கொள்கிறது” என்று தன் கைப்பேசியை நீட்டினார். ‘விண்ணப்பதாரிகளுக்கான பொதுவான அறிவுறுத்தல்கள்’ என்ற தலைப்பு அங்கே மூன்று வரிகளில் அடுக்கப்பட்டு நின்றது. அவர் சொன்னது முழுக்க உண்மை.

தமிழில் எழுதுபவர்களுக்கு இந்த ஆசை கூடுதலாக வருவதற்குக் காரணம் இருக்கிறது. ஆங்கிலத்தில் தலைப்பை முழுப் பெரிய எழுத்தில் அடித்து வேறுபடுத்தலாம். தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பிரிவே கிடையாது. எழுத்தின் பருமனும் தடிப்பும் நிறமும்தான் நம்மிடம் இருக்கின்றன. அதே நேரம் நம் சொற்கள் நீளமானவை. வேற்றுமை உருபும் பன்மையும் ஒட்டி ஒரே சொல் ஒரு வரியை நிரப்பிவிடும். உலாவிகள் தாமாகக் கொடுக்கும் அளவுகளைப் பாருங்கள்: எச்1 சாதாரண எழுத்தைப்போல் 2 மடங்கு, எச்2 1.5 மடங்கு, எச்3 1.17 மடங்கு. எச்4 சரியாகச் சாதாரண எழுத்தின் அளவே, தடிப்பு மட்டும் கூடுதல். எச்5, எச்6 அதைவிடச் சிறியவை. பழகிய தடித்த எழுத்தைப்போலவே தெரிவது எச்4 என்பதால் கை அங்கே போகிறது.

அதே பக்கத்தை ஆசிரியரிடம் கொடுத்தேன். எச்1 கேட்டது, அடுத்து மட்டம் 4 என்று கேட்டது. உடனே நிறுத்திப் பின்னால் போனார். இடையில் மட்டம் 2, மட்டம் 3 தலைப்புகளைத் தாம் தவறவிட்டதாக நினைத்துவிட்டார். எதையும் தவறவிடவில்லை, அவை இல்லவே இல்லை என்று உறுதிசெய்ய அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. பிறகு பெரும்பிரிவுகளைத் தேடி 2 விசையை அழுத்தினார். பக்கத்தில் ஒரே ஒரு எச்2 இருந்தது: ‘நன்கொடை வழங்க’. அதைப் பெரிதாகக் காட்ட வேண்டும் என்பதற்காக எச்2 ஆக்கியிருந்தார்கள். எண் விசையை நம்பி வந்தவருக்கு அந்தப் பக்கம் நன்கொடை கேட்கும் பக்கமாகவே தோன்றும். விண்ணப்ப விவரம் இருப்பதே தெரியாது.

இதில் விதி என்ன சொல்கிறது என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். மட்டத்தைத் தாண்டிப் போவது ஒன்றை மட்டும் வைத்து டபிள்யூசிஏஜி 2 ஒரு பக்கத்தைத் தோல்வி என்று தள்ளுவதில்லை. ஆனால் எச்டிஎம்எல் தரநிலை அப்படி விடுவதில்லை: ஒரு தலைப்பை அடுத்து வரும் தலைப்பு அதே மட்டத்திலோ மேல் மட்டத்திலோ இருக்கலாம்; கீழே இறங்கினால் ஒரு படிதான் இறங்க வேண்டும். மேலே ஏறும்போது தாவலாம். எச்4க்கு அடுத்து எச்2 வருவதில் தவறில்லை, ஓர் உட்பிரிவு முடிந்து புதிய பெரும்பிரிவு தொடங்குகிறது என்றுதான் பொருள். இந்த வேறுபாட்டை அறியாமல் பலர் இரண்டு திசையையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள்.

முதல் வழியோடு ஒப்பிட்டால் இது நிச்சயம் மேல். ஏதோ ஒரு தலைப்பிலாவது கால் ஊன்ற முடிகிறது. ஆனால் எச் விசை உதவுகிறது, எண் விசைகள் பொய் சொல்கின்றன. பாதி சரியாக இருப்பதால் எவரும் திருத்த முன்வராமல் போவது இதன் பெரிய ஆபத்து என்பது என் எண்ணம்.

## மூன்றாவது வழி: மட்டம் கட்டமைப்பிலிருந்து, பருமன் சிஎஸ்எஸ்ஸிலிருந்து

அக்காவின் குறை நியாயமானது என்றால் அதற்கான மருந்து எது? தோற்றத்தை வரையறுக்கும் சிஎஸ்எஸ் கோப்பு. எச்2 எவ்வளவு பெரியதாகத் தெரிய வேண்டும் என்பதை அங்கே ஒரே வரியில் மாற்றலாம். கைப்பேசியில் எச்2ஐச் சாதாரண எழுத்தின் 1.25 மடங்காகவும் எச்3ஐ 1.1 மடங்காகவும் குறைத்தேன். எச்2க்கு நிறத்தையும் மேலே ஒரு மெல்லிய கோட்டையும் கொடுத்தேன். வரி உயரத்தை 1.5 ஆக்கினேன், ஏனென்றால் மேலே வளைந்து நிற்கும் இகர, ஈகாரக் குறிகள் நெருக்கமான வரியில் முந்தைய வரியோடு முட்டும். ‘விண்ணப்பதாரிகளுக்கான பொதுவான அறிவுறுத்தல்கள்’ இரண்டு வரிக்குள் அடங்கியது. அக்கா அன்றே எச்2க்கு மாறிவிட்டார். அவருடைய குறை அழகைப் பற்றியது. அது தீர்ந்ததும் மட்டத்தைப் பற்றி அவருக்கு வேறு கோரிக்கையே இருக்கவில்லை.

இந்த வழியின் செலவு தொடக்கத்தில்தான். ஒருவர் சிஎஸ்எஸ்ஸைத் தொடத் தெரிந்தவராக இருக்க வேண்டும். எல்லாப் பக்கங்களுக்கும் பொதுச் சட்டகமாக இருக்கும் வார்ப்புருவைப் பிரித்துப் பார்க்க வேண்டும். எங்கள் பழைய வார்ப்புருவில் அமைப்பின் பெயர்ப்பலகையே எச்1 ஆக இருந்தது, 200 பக்கங்களிலும். பக்கத்தின் உண்மையான தலைப்பு வெறும் தடித்த எழுத்து. வலப்பக்கப் பெட்டியில் ‘தொடர்புகளுக்கு’ என்பதும் அப்படியே. பெயர்ப்பலகையைச் சாதாரண இணைப்பாக்கி, பக்கத் தலைப்பை எச்1 ஆக்கி, பெட்டித் தலைப்புகளை எச்2 ஆக்கினேன். ஒரு மாலை நேர வேலை. எழுதுபவர்கள் மனப்பாடம் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று: எச்2இல் தொடங்கு, அதற்குள் அடங்குவது எச்3.

இணையத்தளம் நடத்தும் மென்பொருளான வேர்ட்பிரஸைப் பயன்படுத்துபவர்களுக்கு இது இன்னும் எளிது. தலைப்புப் பெட்டி தானாகவே எச்2இல்தான் தொடங்கும். ஆவணத்தின் மேலோட்டம் என்ற பலகத்தைத் திறந்தால் மட்டங்கள் படிப்படியாகத் தெரியும், இடறிய இடத்தைச் சுட்டியும் காட்டும்.

## மீதி இரண்டு

ஒவ்வொரு பகுதிக்கும் எச்1 போட்டுவிட்டால் உலாவி தானே மட்டத்தைக் கணித்துக்கொள்ளும் என்று சொல்லும் பழைய பாடங்கள் இன்னும் கண்ணில் படுகின்றன. 2014இன் எச்டிஎம்எல்5 தரநிலையில் அப்படி ஒரு கணக்கு முறை எழுதப்பட்டிருந்தது உண்மை. உலாவிகள் அதைத் திரைவாசிப்பான்களிடம் கொண்டுசேர்க்கவே இல்லை. எல்லாம் மட்டம் 1 என்றே கேட்டன. 2022இல் அதைத் தரநிலையிலிருந்தே நீக்கிவிட்டார்கள். அத்தோடு அந்த நான்காவது வழி முடிந்தது.

ஆரியா என்ற கூடுதல் பண்புகளால் ஒட்டுப்போடுவது ஐந்தாவது வழி. சாதாரண வரியொன்றுக்குத் தலைப்பு என்ற பாத்திரத்தையும் மட்ட எண்ணையும் கொடுத்தால் திரைவாசிப்பான் அதை உண்மையான தலைப்பாகவே அறிவிக்கும். குறிச்சொல்லை மாற்ற முடியாத இடத்துக்கு இது நல்ல கைமருந்து. எங்கள் தளத்தில் வெளியார் செய்துதந்த நன்கொடைப் படிவம் ஒன்று உண்டு. அதன் உள்ளே கைவைக்க முடியாது, ஆனால் பண்பைச் சேர்க்க முடிகிறது. அங்கே இதைப் பயன்படுத்தினேன். 200 பக்கங்களுக்கும் இதையே செய்யலாமே என்று கூட்டத்தில் கேட்டார்கள். மட்டம் எதுவென்று தீர்மானிக்கும் உழைப்பு இதிலும் அப்படியே இருக்கிறது. நாளை புதிய பக்கம் எழுதும் தொண்டருக்கோ இதைத் தட்டச்சுச் செய்ய வராது. உரிய குறிச்சொல் இருக்கும்போது அதையே பயன்படுத்து என்பதுதான் ஆரியாவுக்கே எழுதப்பட்ட முதல் விதி.

## எடுத்த முடிவும் அதன் பின்னான வேலையும்

மூன்றாவது வழியையே தேர்ந்தோம். எழுதும் பலகையின் பட்டியலில் எச்2, எச்3, எச்4 மட்டும் தெரியும்படி வைத்து மற்றவற்றை மறைத்துவிட்டேன். வார்ப்புருவைத் திறந்த கையோடு இன்னொரு பிழையும் அகப்பட்டது: தமிழ்ப் பக்கங்கள் எல்லாம் ஆங்கிலம் என்று மொழிக்குறி இடப்பட்டிருந்தன. திரைவாசிப்பான் அந்தக் குறியை நம்பி ஆங்கிலக் குரலைக் கொண்டு தமிழை வாசிக்கப் போகும். தமிழுக்குரிய குறியாக மாற்ற ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. இலங்கையில் மும்மொழித் தளம் நடத்துபவர்கள் இதைத் தலைப்புகளோடு சேர்த்தே பார்ப்பது நல்லது.

பழைய பக்கங்களை மாற்றுவதுதான் பொறுமையைக் கேட்டது. முழுவதும் தடித்த எழுத்தாக இருக்கும் பத்திகளை மென்பொருளால் தேடிப்பிடித்து ஒரே அடியாக எச்2 ஆக்கிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். நல்ல வேளையாகப் பட்டியலை ஒருமுறை வாசித்தேன். ‘பிந்திக் கிடைக்கும் விண்ணப்பங்கள் ஏற்கப்படமாட்டாது’ என்ற வரியும் அதில் இருந்தது. அது எச்சரிக்கை, அதற்குள் அடங்கும் பகுதி எதுவும் இல்லை. இப்படித் தலைப்பல்லாத தடித்த வரிகள் பக்கத்துக்கு ஒன்றிரண்டு வந்தன. ஆகவே ஒவ்வொன்றையும் கண்ணால் பார்த்தே மாற்றினோம். ஆட்கள் அதிகம் வரும் புலமைப்பரிசில் பக்கங்களில் தொடங்கினோம். மாற்றும்போதே ‘மேலும் விவரங்கள்’ என்று ஒரே பக்கத்தில் மூன்று இடங்களில் இருந்த தலைப்பை ‘முடிவுத் திகதி’, ‘அனுப்ப வேண்டிய முகவரி’, ‘நேர்முகத் தேர்வு’ என்று பிரித்தோம். தலைப்புப் பட்டியலில் தனியாகக் கேட்கும்போது மூன்று ‘மேலும் விவரங்க’ளால் ஒரு பயனும் இல்லை.

வினாத்தாள் பக்கங்களில் மட்டும் கருத்து வேறுபாடு வந்தது. ஆண்டை எச்2 ஆக்கி அதற்குள் பாடங்களை எச்3 ஆக்குவதா, பாடத்தை எச்2 ஆக்கி அதற்குள் ஆண்டுகளை வைப்பதா? பதிவேற்றும் நமக்கு ஆண்டு வசதி. ஒவ்வொரு ஆண்டும் ஒரு பிரிவைச் சேர்த்தால் போதும். மாணவர் ஒருவர் எதைத் தேடி வருகிறார் என்று ஆசிரியரிடம் கேட்டோம். “வரலாறு படிக்கிற பிள்ளைக்கு இரசாயனவியல் எதற்கு?” என்றார். பாடம் எச்2 ஆயிற்று, ஆண்டு எச்3 ஆயிற்று. சென்ற சனிக்கிழமை அவர் அந்தப் பக்கத்தைத் திறந்து 2 விசையை நான்கு முறை அழுத்தினார். ‘வரலாறு’ என்றது குரல். 3ஐ ஒருமுறை அழுத்தினார். அண்மைய ஆண்டின் வினாத்தாளில் நின்றார். இன்னும் 60 பக்கங்கள் மீதி இருக்கின்றன.